பல்லிப் பெண்ணுக்கு எதுக்கு மார்பகம்?

1/ தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. இது சுத்தமான உடற்கூறியல் கேள்வி. ஃபேன்டசி வீடியோ கேம்கள்ல வர்ற பெண் உடம்புகளை ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் பார்த்தா என்னென்ன தோணும்னு ஒரு நீண்ட இழை எழுதறேன். நைட் ட்யூட்டி முடிச்ச கையோட எழுதறது. நீங்களும் ஒரு டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/ கேம் ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இந்த மாதிரி கேம்கள்ல ஆட்டம் தொடங்கும்போதே "நீ யாரா பிறக்கணும்?"னு கேக்கும். மனுஷன், எல்ஃப், குள்ளர், ஓர்க், மாட்டுத்தலையர்னு ஒரு பட்டியல் வரும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டு ஆணா பெண்ணான்னு சொல்லணும். 2004ல வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல ஆரம்பத்துல 8 இனங்கள். ஆளுக்கு ரெண்டு பால். ஆக 16 உடம்புகள்.

3/ இங்க 'இனம்'னா தோல் நிறமோ, நாடோ கிடையாது. மாட்டுத்தலையரும் மனுஷனும் உண்மையில ரெண்டு வேற உயிரினங்கள். இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்லயே 2024 ஆட்டக்காரர் கையேட்டுல 'ரேஸ்'ங்கற வார்த்தையை எடுத்துட்டு 'ஸ்பீஷீஸ்'னு போட்டுட்டாங்க. ஒரு டாக்டரா எனக்கு அது வசதி. உயிரினம்னு ஒத்துக்கிட்டா உயிரியல் கேள்வி கேக்கலாம்ல?

4/ முதல் கேஸ் ஷீட்: ஓர்க். வார்கிராஃப்ட்ல ஓர்க் ஆண் கழுத்து முன்னால நீண்டு, நல்லா கூன் போட்டு நிப்பான். ஓர்க் பெண்ணுக்கு முதுகு ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கும். ட்ரோல் இனத்துலயும் அதே கதை. அவனுக்குக் கூன், பெரிய தந்தம். அவளுக்கு நேர் முதுகு, குட்டித் தந்தம். ஒரே உயிரினத்துக்கு ரெண்டு முதுகெலும்பா? எந்த எக்ஸ்ரே ரூம்லயும் இப்படி ஒரு ஜோடியைப் பார்க்க முடியாது. 2018லதான் ஓர்க் ஆணுக்கும் நிமிர்ந்து நிக்கற வசதி வந்துச்சு.

5/ ரெண்டாவது கேஸ்: அதே கேம்ல 2007ல சேர்ந்த டிரனை. ஆண் ஒரு லாரி சைஸ். கழுத்தே தெரியாத தோள், முகத்துல தொங்கற உணர்கொம்பு, தடிமனான வால். பெண்ணைப் பார்த்தா மெல்லிய இடுப்பு, நீண்ட கால், அழகான முகம், தலையில ரெண்டு கொம்பு. கொம்பையும் குளம்பையும் வாலையும் மறைச்சுட்டா, நீல நிறம் பூசின ஒரு மாடல் அழகி. ஆணை அப்படி மறைச்சாலும் அவன் மனுஷன் மாதிரி தெரியமாட்டான்.

6/ நிறைய கேம்கள் பார்த்தப்புறம் எனக்குப் புரிஞ்சது இதுதான். ஆணை வரையும்போது "இந்த ஜீவன் எப்படி இருக்கும்?"னு யோசிக்கறாங்க. பெண்ணை வரையும்போது "ஒரு அழகான பொண்ணுக்கு இந்த ஜீவனோட கொம்பை மாட்டினா எப்படி இருக்கும்?"னு யோசிக்கறாங்க. ரெண்டும் வேற வேற கேள்வி. அதனாலதான் ஒரே இனத்தோட ஆணையும் பெண்ணையும் பக்கத்துல நிறுத்தினா சொந்தக்காரங்க மாதிரிகூடத் தெரியமாட்டாங்க.

7/ இப்போ தலைப்புக்கு வரலாம். 2011ல வந்த ஸ்கைரிம்ல ஆர்கோனியன்னு ஒரு பல்லி இனம். செதில், வால், முட்டையிலிருந்து பொரிச்சு வர்ற குஞ்சு எல்லாம் உண்டு. ஆனா பெண்ணுக்கு மார்பகமும் உண்டு. ரசிகர்கள் வருஷக்கணக்கா இதை வெச்சு சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. ஊர்வன எதுக்கும் பால்சுரப்பி கிடையாது. 1758ல லின்னேயஸ் நம்ம வகுப்புக்கு 'பாலூட்டிகள்'னு பேர் வெச்சதே அந்தச் சுரப்பியை அடையாளமா வெச்சுத்தான்.

8/ சரி, பால் கொடுக்கற இனம்னே வெச்சுக்குவோம். அப்பவும் மனுஷ மார்பகம் தானா வந்துடாது. மத்த பாலூட்டிகளுக்குப் பால் கொடுக்கற காலத்துல மட்டும்தான் மடி பெருக்கும், அப்புறம் வடிஞ்சிடும். நம்ம நெருங்கின சொந்தமான சிம்பன்ஸிக்கும் அப்படித்தான். பருவ வயசுல வளர்ந்து, குழந்தை இருந்தாலும் இல்லாட்டாலும் அப்படியே நிக்கறது மனுஷப் பெண்ணுக்கு மட்டும்தான். அதுலயும் பெரும்பங்கு கொழுப்பு. அளவுக்கும் பால் சுரக்கறதுக்கும் சம்பந்தம் இல்லைங்கறதை பிரசவ வார்டுல தினமும் யாருக்காவது சொல்லிக்கிட்டேதான் இருக்கோம்.

9/ இயற்கை எத்தனை விதமா இதைச் செஞ்சிருக்கு பாருங்க. பிளாட்டிபஸ் முட்டையும் போடும், பாலும் கொடுக்கும், ஆனா காம்பே கிடையாது. வயித்துத் தோல்ல கசியற பாலைக் குட்டி நக்கிக் குடிக்கும். பூனைக்குப் பொதுவா எட்டுக் காம்பு. புறா தொண்டைப்பையில பால் மாதிரி ஒண்ணு சுரக்கும், தாயும் ஊட்டும், தகப்பனும் ஊட்டும். யானைக்கு முன்னங்கால்களுக்கு நடுவுல, மார்புலயே ரெண்டு. நம்ம பாக் நீரிணையில மேயற ஆவுளியாவுக்கு அக்குள் பக்கத்துல. இவ்வளவு சரக்கு இருக்கும்போது எல்லா இனத்துக்கும் ஒரே அச்சை எடுத்து அழுத்தறாங்களேன்னுதான் வருத்தம்.

10/ "அப்போ பொண்ணுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பதில் நம்ம வேலியிலயே உட்கார்ந்திருக்கு. ஓணானைப் பாருங்க. இனப்பெருக்கக் காலத்துல ஆணுக்குத் தலையும் தொண்டையும் சிவந்துடும், பெண் மண் நிறத்துலயே இருக்கும். பல பல்லி இனங்கள்ல ஆணுக்குத் தலை பெரிசு, ஏன்னா சண்டை போடறது கடிச்சுத்தான். பெண்ணுக்கு உடம்பு நீளம், ஏன்னா முட்டைக்கு இடம் வேணும். ஒரு பல்லி இனத்துப் பெண்ணை வரைய இதுவே போதாதா?

11/ இன்னொரு விஷயம். 'பெண்ணுன்னா சின்னது'ங்கறதும் பொது விதி கிடையாது. புள்ளிக் கழுதைப்புலியில பெண்தான் பெரிசு, கூட்டத்துல அதிகாரமும் அதுக்குத்தான். பைரி, வல்லூறு மாதிரி வேட்டைப் பறவைகள்லயும் பெண் பெரிசு. பல பாம்புகள்லயும் அப்படித்தான். கொரில்லாவுல தலைகீழ், ஆண் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை. கிப்பன் குரங்குல ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுத்தான் துணை தேடணும்னா ஆண் பெருக்கும். ஜோடியா வாழ்ற இனம்னா வித்தியாசம் குறையும். உடம்பு அந்த இனத்தோட வாழ்க்கையைச் சொல்லும்.

12/ இதைச் சரியா செஞ்ச கேம் ஒண்ணு இருக்கு. 2012ல வந்த கில்ட் வார்ஸ் 2. அதுல 'சார்'னு ஒரு இனம். நம்ம ஊர் சார் இல்லீங்க, பூனையும் சிங்கமும் கொம்பும் கலந்த ஒரு போர்க்கூட்டம். பெண் சார் உருவத்தை வடிவமைச்சவர் கிறிஸ்டன் பெர்ரிங்கற கலைஞர். மனுஷ மார்பகத்தை ஒட்டவே இல்லை. ஆணைவிடக் கொஞ்சம் ஒல்லியான உடல்வாகு, சின்னக் கொம்பு, புசுபுசுன்னு வால். அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டு பேருக்கும் அதே கோரைப்பல், அதே குனிஞ்ச தோள், ஓடும்போது அதே நாலு கால் ஓட்டம். ஆனாலும் பார்த்த உடனே எது பெண்ணுன்னு தெரியும். கதைப்படியும் அவங்க ஆண்களோட சரிசமமா நிக்கற சிப்பாய்ங்க. உடம்பும் அதையே சொல்லுது.

13/ வேடிக்கை என்னன்னா, அதே கேம்ல நார்ன்னு ஒரு ராட்சத இனம் இருக்கு. பனிமலை, வேட்டை, சாராயம்னு வாழ்றவங்க. ஆண் மலை மாதிரி. பெண்ணுக்கு உயரம் மட்டும் கொடுத்துட்டு இடுப்பைக் கொடியாக்கிட்டாங்க. சில்வாரின்னு ஒரு தாவர இனமும் உண்டு. ஒரு பெரிய மரத்துல காய் மாதிரிக் காய்ச்சு, முழு ஆளா வெளிய வர்றவங்க. பிரசவம் கிடையாது, பாலூட்டல் கிடையாது. இருந்தும் இலையால செஞ்ச மார்பகம் உண்டு! ஒரே ஸ்டூடியோ, ஒரே கேம். முடியாதுன்னு இல்லை, ஒரு இடத்துல யோசிச்சிருக்காங்க, இன்னொரு இடத்துல பழக்கத்துல விட்டுட்டாங்க.

14/ தயாரிக்கறவங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். ஒவ்வொரு புது உடம்புக்கும் உள்ள ஒரு எலும்புக்கூடு செய்யணும், நடை ஓட்டம் எல்லாம் தனியா அசைவூட்டணும். கில்ட் வார்ஸ் 2ல 5 இனம், 10 உடம்பு. ஒரு சட்டை தைச்சா பத்துப் பேருக்கும் பொருத்திப் பார்க்கணும், வாலுக்கு ஓட்டை விடணும். பல கம்பெனிகள் மனுஷப் பெண்ணோட எலும்புக்கூட்டையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தறதுக்கு இந்தச் செலவும் ஒரு காரணம். தூரத்துல, ஒரு நொடியில ஆணா பெண்ணான்னு தெரியணும்ங்கற தேவையும் உண்டு. இன்னொண்ணு, அழகா ஒரு உருவத்துல உலாவணும்னு ஆசைப்படற ஆட்டக்காரர்கள் இருக்காங்க, அதுல பெண்களும் உண்டு. அந்த ஆசையில தப்பே இல்லை. மெனுவுல அது ஒண்ணு மட்டுமே இருக்கறதுதான் பிரச்சினை.

15/ சரி, உசுரைக் காப்பாத்தற வேலையில இருக்கறவளுக்கு இந்த பொம்மை உடம்பைப் பத்தி என்ன கவலைன்னு கேக்கலாம். சொல்றேன். என் சித்தி பையன் கேம்களுக்குப் படம் வரையற வேலையில இருக்கான். சில மாசம் முன்னாடி ஒரு ஓர்க் பெண் படம் அனுப்பினான். அகலமான தோள், தடித்த முன்கை, உடைஞ்சு ஒட்டின மூக்கு. கோட்டைக் கதவைக் காக்கறவளாம். பிரமாதமா இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு, "அக்கா, திருப்பி அனுப்பிட்டாங்க. ரொம்ப ஆம்பளத்தனமா இருக்காம்"னு மெசேஜ். இடுப்பைச் சுருக்கி, தோளைக் குறைச்சு, மூக்கை நேராக்கினப்புறம்தான் ஓகே ஆச்சு.

16/ அதே மாசம் எங்க ஓ.பி.க்கு ஒரு பொண்ணு வந்தா. ஸ்கூல் படிக்கறவ, கபடி ஆடறவ. கூட அவங்க அம்மா. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அம்மா வெளிய போய் சீட்டு எடுத்துட்டு வர்ற நேரத்துல மெதுவா கேட்டா: "டாக்டர், எனக்குத் தோள் ஆம்பள மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. அதைச் சின்னதாக்க மாத்திரை இருக்கா?" மாதவிடாய் ஒழுங்கு. ரத்த அழுத்தம் சரி. எடை அவ உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி. ஒரு மாசமா காலைச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தியிருந்தா. கண்ணைக் கீழ இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்துச்சு.

17/ தெளிவா சொல்லிடறேன், அந்தப் பொண்ணு வாழ்க்கையில கேம் ஆடினதே கிடையாது. அவகிட்ட அதைச் சொன்னது சொந்தக்காரங்க. அதனால கேம்தான் காரணம்னு பழி போட நான் வரலை. ஆனா ஒரே வாக்கியத்தை ஒரே மாசத்துல ரெண்டு இடத்துல கேட்டேன். இல்லாத ஒரு இனத்துப் பெண்ணைப் பத்தி ஒரு ஸ்டூடியோவுல. எதிர்ல உட்கார்ந்திருக்கற பெண்ணைப் பத்தி அவ வீட்டுல. கற்பனைக்கு எல்லையே இல்லாத இடத்துலயும் ஒரு பெண்ணுக்கு அகலமான தோள் கிடைக்கலைன்னா, நெஜத்துல அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம்?

18/ இத்தனைக்கும் மனுஷப் பெண்கிற ஒரே உயிரினத்துக்குள்ள எவ்வளவு உடம்பு இருக்கு! 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல பளுதூக்குதல்ல 69 கிலோ பிரிவுல வெண்கலம் வாங்கின கர்ணம் மல்லேஸ்வரி. 2012 லண்டன்ல குத்துச்சண்டை 51 கிலோ பிரிவுல வெண்கலம் வாங்கின மேரி கோம். 2016 ரியோவுல பேட்மின்டன் வெள்ளி வாங்கின, ஆறு அடிக்குக் கிட்டத்தட்ட நிக்கற சிந்து. மூணு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாருங்க. பல கேம்கள்ல எல்ஃப் பெண்ணுக்கும் ஓர்க் பெண்ணுக்கும் இருக்கற வித்தியாசத்தைவிட அதிகமா இருக்கும்.

19/ தம்பிக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினேன். கேம் வரையறவங்க யாராவது படிச்சா எடுத்துக்கோங்க. ஒரு இனத்துப் பெண்ணை வரையறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி:

ஒண்ணு, குட்டியா முட்டையா? மனுஷப் பெண்ணோட இடுப்பெலும்பு அகலமா இருக்கறது பெரிய தலையோட குழந்தை அந்த வழியா வரணும்ங்கறதால. முட்டையிடற இனத்துக்கும், கங்காரு மாதிரி விரல் நுனி அளவு குட்டி போடற இனத்துக்கும் அது தேவையில்லை.

ரெண்டு, குட்டிக்கு என்ன ஊட்டும், யார் ஊட்டுவாங்க? பால்னா எங்க, எத்தனை?

மூணு, துணைக்காக யார் யாரோட மோதறாங்க? கொம்பு, நிறம், உடம்பு சைஸ் எல்லாம் அதுலதான் முடிவாகும்.

நாலு, எங்க வாழறாங்க? பனிமலையில ஆணுக்குக் கனத்த உடம்பும் ரோமமும் வேணும்னா, பெண்ணுக்கும் அதே குளிர்தானே?

அஞ்சு, இவ என்ன வேலை செய்யறா, வயசு என்ன? சம்மட்டி அடிக்கறவளுக்கு முன்கை இருக்கணும். பல தலைமுறை பார்த்த கிழவிக்குச் சுருக்கம் இருக்கணும். கேம்கள்ல கிழட்டு மந்திரவாதி நூறு பேர் உண்டு, கிழவிகள் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணிடலாம்.

20/ மாற்றம் வராம இல்லை. 2012ல வந்த டிராகன்ஸ் டாக்மாவுல உங்க ஆளோட உடல் எடையைப் பொறுத்து எவ்வளவு சுமை தூக்கலாம், எவ்வளவு சீக்கிரம் களைப்பாகும்னே மாறும். கனமான பெண்ணா இருந்தா அது பலம். 2023ல வந்த பால்டர்ஸ் கேட் 3ல சில இனங்களுக்கு, பெண்ணுக்கும் ஆணுக்கும் கட்டுமஸ்தான உடம்பு ஒண்ணு கூடுதலா தேர்ந்தெடுக்கலாம். சின்ன விஷயம்தான். ஆனா தனக்குன்னு ஒரு உடம்பு அந்தத் திரையில இருக்கறதைப் பார்க்கற பொண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

21/ குள்ளர் இனத்தைப் பத்திச் சொல்லாம விட்டா ரசிகர்கள் அடிக்க வருவாங்க. டோல்கீன் தன் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் பின்னிணைப்புலயே, குள்ளர் பெண்கள் குரல்லயும் தோற்றத்துலயும் ஆண்கள் மாதிரியே இருப்பாங்க, மத்த இனத்தவங்களால பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னு எழுதி வெச்சுட்டார். அப்புறம் வந்த கேம்கள்ல பெரும்பாலும் ரெட்டைப் பின்னலோட, வழவழ முகத்தோட வர்றாங்க. முகத்துல முடி இருக்கற பெண்ணை வரையவே தயங்கறாங்க. மேலுதட்டுல நாலு முடி இருக்குன்னு மாஸ்க்கைக் கழட்ட மறுக்கற பொண்ணுங்களை ஓ.பி.ல பார்க்கும்போது அந்தத் தயக்கம் ஞாபகம் வரும்.

22/ கடைசியா, டாக்டரா சில விஷயம். பொண்ணு வெச்சிருக்கறவங்க இதை மட்டும் குறிச்சுக்கோங்க.

டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது: 15 வயசாகியும் பெரிய மனுஷி ஆகலைன்னா. வந்துக்கிட்டிருந்த மாதவிடாய் மூணு மாசம் நின்னு போனா. முகத்துல, மார்புல முடி திடீர்னு வேகமா முரடா வளர்ந்தா, அதோட குரலும் தடிச்சா. சாப்பாட்டைத் தவிர்த்து எடை இறங்கிக்கிட்டே போனா.

காட்டத் தேவையில்லாதது: அகலத் தோள், தட்டையான மார்பு, பெரிய மார்பு, கனத்த தொடை, நீளமான கை, உயரம், குட்டை. இதுக்கெல்லாம் எங்க ஃபார்மசியில மாத்திரை கிடையாது, தேவையும் இல்லை.

23/ அந்தக் கபடிப் பொண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன், தினமும் காலையில சாப்பிடணும்னு சொன்னேன், ஒரு மாசம் கழிச்சு வரச் சொன்னேன். தோளைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "டீம்ல என்ன இடத்துல ஆடற?" "கார்னர் டாக்டர். எவ ரெய்டு வந்தாலும் பிடிச்சா விடமாட்டேன்." "அப்போ அந்தத் தோள் எதுக்கும்மா சின்னதாகணும்?" சிரிச்சுட்டுத்தான் போனா.

24/ உங்க வீட்டுல கேம் ஆடற பிள்ளைங்க இருந்தா, அடுத்த தடவை அவங்க ஆளைத் தேர்ந்தெடுக்கற திரையில நிக்கும்போது பக்கத்துல போய் உட்காருங்க. "இவங்க முட்டை போடுவாங்களா, குட்டி போடுவாங்களா?"னு கேளுங்க. "இந்த ஆணுக்கு இருக்கற கூன் இந்தப் பொண்ணுக்கு ஏன் இல்லை?"னு கேளுங்க. உயிரியல் பாடமும் ஆச்சு, இன்னொரு பாடமும் ஆச்சு. தூங்கப் போறேன், சாயங்காலம் மறுபடி ட்யூட்டி.